மாடி வீட்டு சிஸ்டர்

ஜீவனஹள்ளியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டுகிறவர்கள் மூன்றே வகை. தண்ணீர் கேன், இன்டர்நெட் கனெக்‌ஷன், இரட்சிப்பு. முதல் இரண்டுக்கும் மாதச் சந்தா உண்டு. மூன்றாவது இலவசம்தான், ஆனால் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் கறுப்பு அட்டை பைபிளைக் கண்டதுமே பாலகுமார், "நாங்க சாமி கும்பிடறவங்க, வேணாங்க" என்று கதவைச் சாத்தப் போனான். வெளியே நின்ற அம்மாள் அதைக் காதில் வாங்காமல் அவன் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தாள்.

"சிஸ்டர் இல்லையா, பிரதர்?"

"எந்த சிஸ்டர்?"

"உங்க வீட்டம்மா. போன வாரம் நாங்க வந்தப்போ நீங்க இல்ல. அவங்கதான் உக்கார வெச்சு தண்ணி குடுத்தாங்க. பாவம், ரொம்ப இளைச்சிட்டாங்க."

சிந்து கோடையிலேயே இறந்துபோயிருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஐசியூவிலிருந்து ஆம்புலன்ஸில் நேராக ஆம்பூருக்குப் போனாள். நடுவில் வீட்டுக்கு வரவில்லை. வரவிடவில்லை. "தப்பா நெனைக்காதப்பா, பாடிய இங்க எறக்க வேணாம், அப்புறம் யாரும் வாடகைக்கு வர மாட்டாங்க" என்று கீழ்வீட்டு ஓனர் ஜெயலட்சுமி ஆன்ட்டி போனில் அழுதுகொண்டேதான் சொன்னார். இவனும் சரி என்றுவிட்டான். பால் ஊற்றியது, காரியம் செய்தது எல்லாம் ஊரில். இந்த வீட்டைப் பொறுத்தவரை அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

"வேற வீடா இருக்கும்" என்றான்.

"இதே வீடு. புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். சிரிச்சா கையால வாய மூடிக்குவாங்க."

கதவைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னா?" என்றான்.

ஐரின் என்ற அந்த அம்மாள், கூட வந்த சின்னப்பா என்பவரைப் பார்த்தாள். வெயிலிலும் குடை வைத்திருக்கிற மனிதர். அவர் தலையசைத்ததும் குரலைத் தாழ்த்தினாள். "குடும்ப விஷயம், நாங்க சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீங்க அவங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசலியாம். கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கறீங்களாம். 'நான் என்ன சிஸ்டர் தப்பு பண்ணேன்'னு அழுதாங்க."

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆக ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து கடுகு வெடித்து அடங்கிய வாசனை வரும், அடுப்பைத் தொட்டால் சில்லென்றிருக்கும். மொசைக் தரையில் ஈரக்கால் வைக்கிற சத்தம் கூடம் வரை வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நின்றுகொண்டே இருக்கும். படுத்தால் கட்டிலின் அந்தப் பக்கத்து மெத்தை மெல்ல அமுங்கும், தேங்காயெண்ணெய் வாசனையும் அதற்கடியில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனையும் வரும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போலிருக்கும்.

'சிந்து' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனும் வாயைத் திறப்பான், திறந்தபடியே மூடிக்கொள்வான். பதில் வராவிட்டால் அவள் இல்லை. வந்துவிட்டால்? அவள் வேண்டுமென்று தினமும் அழுகிறவன், அவள் வந்துவிடுவாளோ என்று பயந்து பாத்ரூம் கதவைத் திறந்துவைத்தே குளித்துக்கொண்டிருந்தான்.

அதனால் ஞாயிறு மதியங்களில் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, தெருமுனை பேக்கரியில் போய் உட்கார்ந்துகொள்வான். ஐரினும் சின்னப்பாவும் மாடியேறிப் போவார்கள். திரும்பும்போது பேக்கரிக்கு வருவார்கள். பெண்டாட்டியிடமிருந்து சேதி வர பெந்தெகொஸ்தே சபைக்காரர்களுக்காகக் காத்திருந்த முதல் இந்து அவனாகத்தான் இருக்கும்.

"பச்ச சட்டைல பட்டன் போச்சாம், அதப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போகாதீங்கன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதே அழுகைதான். ஒரு வார்த்த பேசினா என்ன பிரதர், வாயில இருக்கற முத்தா கொட்டிடும்?"

எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு ஞாயிறு, டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, அவன் சொல்லிவிட்டான்.

"அவ செத்துட்டா, சிஸ்டர். அது அவளுக்குத் தெரியாது. என்னால சொல்ல முடியல. நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன்."

ஐரின் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தாள். சின்னப்பா டீ கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"தம்பி, செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க. கடைசி நாள் வரைக்கும் தூங்கறாங்க. வேதத்துல அப்படித்தான் இருக்கு. அப்போ அந்த வீட்ல எங்களுக்குத் தண்ணி குடுத்தது யாரு?"

"சிந்துதான்."

"இல்ல தம்பி. அவங்க மூஞ்சிய மாட்டிக்கிட்டு வேற ஒண்ணு."

அவன் ஊரில் செத்தவர்கள் வீட்டுக்கு வந்தால் பிடித்ததைச் சமைத்து இலை போடுவார்கள், சாப்பிட்டுப் போகட்டும் என்று. இவர்கள் சபையில் வேறு வழக்கம் இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஐரின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். "நாங்க உபவாசம் இருந்து வர்றோம். பயப்படாதீங்க." வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். எல்லாவற்றையும் போல அதையும் நினைக்கத்தான் செய்தான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மழையோடு வந்தார்கள். கரண்ட் போயிருந்தது. ஜெப எண்ணெய்க் குப்பியோடு இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவன் வெளியே, மாடிப்படி முடிகிற இடத்தில், கதவை ஒட்டி நின்றான்.

முதலில் பாட்டு. பிறகு ஜெபம். பிறகு ஜெபம் கத்தலானது. "போ! இந்த வீட்ட விட்டுப் போ!" என்ற சின்னப்பாவின் குரலும், ஐரினின் கைத்தட்டலும், ஏதோ பாத்திரம் உருண்ட சத்தமும் ஒன்றாகக் கலந்து, சட்டென்று எல்லாம் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், சிந்து பேசினாள்.

"பாலா."

அதே குரல். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தாற்போல.

"பாலா, இவங்க என்னப் போகச் சொல்றாங்க. இது எங்க வீடுன்னு நீ சொல்லேன்."

அவன் கை வெளித் தாழ்ப்பாளில் இருந்தது.

"ஒரு வார்த்த போதும். நான் போக மாட்டேன். நீ சொல்லு."

வாயைத் திறந்தான்.

மழை.

"பாலா?"

நாக்கு அசையவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நகம் ஒன்று மரத்தைக் கீறியது. மெதுவாக. மேலிருந்து கீழே. நின்றது.

கதவு திறந்தது. ஐரின் வியர்வையில் நனைந்திருந்தாள். "முடிஞ்சுது பிரதர். ஸ்தோத்திரம். நிம்மதியாத் தூங்குங்க." சின்னப்பா அவன் தலையில் கை வைத்துவிட்டு இறங்கினார். வீட்டுக்குள் கடுகு வாசனை இல்லை. தேங்காயெண்ணெய் வாசனை இல்லை. எதுவுமே இல்லை.

அவன் கைப்பிடிச் சுவருக்கு ஓடினான். கீழே ஒரே குடையில் இருவரும் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு வனஜா அக்கா மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தாள்.

"அய்யோ, மழையில நிக்காதீங்க. மூணு பேரும் உள்ள வாங்க."

"ரெண்டு பேர்தாம்மா" என்று சிரித்தார் சின்னப்பா.

அவர்களுக்குப் பின்னால், குடைக்கு வெளியே, நைட்டியில் ஒருத்தி நின்றாள். மழை அவள்மேல் விழவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுப்பது போல ஒரு தோள் முன்னால் சரிந்து, கால்கள் வனஜா அக்காவின் படியில் ஏறின. முதுகு அவன் பக்கம் இருந்தது.

முகமும் அவன் பக்கம்தான் இருந்தது.

புருவத்தில் வெட்டு. கண்ணில் நீர். உதடு அசைந்துகொண்டே இருந்தது, இத்தனை தூரத்திலும் கேள்வி புரிகிற மாதிரி. கதவு சாத்தும்வரை அது அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி உள்ளே போனது. கடைசி இடுக்கில், சிரிக்கும்போது மூடிக்கொள்வாளே அதே போல, வாயை மூட ஒரு கை எழுந்தது.