செங்கோட்டை வண்டியின் மூச்சு

"எனக்க நோட்டத் திருடிட்டான்."

நேசபாய் உட்காரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் சேலையோடு நேராகச் சிவதாணுவின் வீட்டுக்கு வந்திருந்தாள். மார்பில் குத்தியிருந்த சின்னக் கடிகாரம் அவள் மூச்சோடு ஏறி இறங்கியது.

சிவதாணு பென்சிலைக் கீழே வைத்தார். நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவர். காணாமல் போனதைக் கண்டுபிடிக்க நாகர்கோவில்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள்.

"யாரு, சிஸ்டர்?"

"தேவகுமார். எங்க ரயில் ரசிகர் சங்கத்துக்க செயலாளர்."

அது 1952. நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது. எஞ்சினைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் ஊரில் அப்படியொரு சங்கம் இருந்தது. பதினொரு பேர், ஓர் அலமாரி நிறைய நீராவி எஞ்சின் புத்தகங்கள். ஆறு வருட விடுமுறைகளில் செங்கோட்டை மலைவண்டியில் போய், புகைபோக்கி விடும் 'குப் குப்'பை இடத்துக்கு இடம் எண்ணி எழுதி வைத்திருந்தாள் நேசபாய். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிய தேவகுமார், நோட்டு மழையில் ஊறிப் போய்விட்டது என்றான். இப்போது அது அவன் கையெழுத்தில், அவன் பெயரில் புத்தகமாகிறது. நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.

"கேட்டதுக்கு என்ன சொன்னாம் தெரியுமா? நர்ஸு எஞ்சினப் பத்தி எழுதினா எவன் நம்புவான்னு."

சிவதாணுவின் தங்கை தாணம்மாள் துள்ளி எழுந்தாள். "இப்பமே போவோம், அண்ணே! அவன..."

நேசபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். விட்டுவிட்டாள்.

"நாடி தொண்ணூத்தாறு. ஒனக்குக் காய்ச்சல் இருக்கு, மக்கா."

"அதுக்குள்ள எண்ணிட்டியளா?"

சிவதாணு குடையை எடுத்துக்கொண்டார்.

சங்க அறையில் தேவகுமாரும் மற்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். அச்சுக்குப் போகவிருந்த கைப்பிரதியைச் சிவதாணு வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"பகவதிபுரம் ஏத்தத்தில நிமிசத்துக்கு அம்பத்திரண்டு குப்பு. நீரே எண்ணினீரா?"

"பின்னே?" என்றான் தேவகுமார். "வாச்சக் கையில வச்சு ஒரு நிமிசம் முழுசா எண்ணினேன்."

"மத்த இடத்திலயும்?"

"எல்லா இடத்திலயும் அப்பிடித்தான்."

"சக்கரம் ஒரு சுத்துக்கு எத்தன குப்பு?"

"நாலு. எஞ்சின் தெரிஞ்ச எவனும் சொல்லுவான், வேய்."

"சக்கரச் சுற்றளவு பன்னிரண்டு அடின்னு நீரே எழுதியிருக்கீரு." சிவதாணு ஒரு தாளில் கணக்குப் போட்டார். "அப்பம் நிமிசத்துக்குப் பதிமூணு சுத்து. நூத்தம்பத்தாறு அடி. மணிக்கு ரெண்டு மைல்கூட இல்ல. எனக்க தங்கச்சி காய்ச்சலோட நடந்தாலும் வண்டிக்கு முந்திப் போயிருவா."

யாரோ சிரித்தார்கள்.

"ஒண்ணு ரெண்டு தப்பு வரும்லா!"

"ஒண்ணு ரெண்டு இல்ல. நாப்பது எண்ணும் ஒரே மாதிரித் தப்பு. நாலால பெருக்கினா எல்லாம் சரியாவுது. இந்த ஏத்தத்தில மணிக்கு ஏழு மைல் வருது. மலைவண்டிக்கு அதுதான் பொருத்தம். சிஸ்டர், நீங்க எப்பிடி எண்ணினிய?"

"நாடி பாக்கது மாதிரிதான்," என்றாள் நேசபாய். "கால் நிமிசம்."

"நோட்டில அத எழுதினியளா?"

"எதுக்கு? எனக்குத் தெரியும்லா."

"இவருக்குத் தெரியல. எண்ணிக்கைய மட்டும் பாத்து எழுதிட்டு, நிமிசத்த இவரு சேத்துக்கிட்டாரு."

தேவகுமார் உறுப்பினர்கள் பக்கம் திரும்பினான். "செரி, எதுக்கு வம்பு? ரெண்டு பேருக்க பேரையும் போடுவோம்."

நேசபாய் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்தில் அவன் பெயரை, தாள் கிழியும்வரை அடித்தாள். பிரதியைப் பிடுங்க அவன் கை நீட்டினான். அந்த மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். கால் நிமிடம் போனது.

"முப்பத்திரண்டு," என்று கையை உதறினாள். "மீதிய நீரே பெருக்கிக்கிடும்."