மூன்று விரல் ஆழத்தில் ஒரு தோட்டா

டெலிபோன் அலறியது!

பீப் மேடம் எடுக்கவில்லை. மேஜை மேல் ஒரு காசு. அதற்கு நேர் மேலே, காரட் அளவில் ஓர் ஆரஞ்சு நிறக் கருவி. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கையால் தேடிப் பிடிக்கிற பாயிண்டர். எத்தனை ஆழம்வரை அது கூவுகிறது என்று அளந்து, சரிசெய்து, முத்திரை ஒட்டி அனுப்புவது அவள் வேலை. பத்து வருஷமாக இதே 'பீப்... பீப்...' என்பதால் சொந்தப் பெயர் போய்ப் பட்டப்பெயர் நின்றுவிட்டது.

இரண்டாவது முறை அலறியபோது எடுத்தாள்.

"யாரு?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வீட்டுக்காரர் அவரோட பார்ட்னரைச் சுட்டுட்டார். ஆள் காலி!"

"என்ன சார் சொல்றீங்க? அவரு கரப்பான் பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிக்குவாரு சார்!"

"கரப்பான் பூச்சி சாகலைம்மா. மனுஷன் செத்திருக்கான். அவங்க ரெண்டு பேரோட ஓட்டு ஃபாக்டரிக்கு வாங்க."

அவள் ஓடினாள்.

ஃபாக்டரியின் களிமண் கூடம். தரை முழுக்க முழங்கை ஆழத்துக்குப் பிசைந்து வைத்த ஈரக் களிமண். பிணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். பத்துப் பதினைந்து போலீஸ் பூட்ஸ்கள் மிதித்துத் துவைத்ததில் தரை கந்தரகோலமாகக் கிடந்தது.

வாசலில் ஜீப். ஜீப்புக்குள் கணவன். சட்டையெல்லாம் மண்.

"என்னங்க இது...?" ஜீப் கதவைப் பிடித்தாள்.

"நான் வேணும்னு பண்ணலைம்மா! அவன்தான் வாசல்ல நின்னு முதல்ல சுட்டான். நான் அந்தத் தூண் பக்கத்துல நின்னேன். மயிரிழையில தப்பிச்சேன். குண்டு மண்ணுக்குள்ள போயிடுச்சு. பாஞ்சு போய் அவன் கையைப் புடிச்சேன்... இழுபறியில வெடிச்சிடுச்சு!"

அவள் அப்படியே நம்பினாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் வேறு என்ன செய்வாள்?

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"துப்பாக்கியில ரெண்டு குண்டு குறையுது. ஒண்ணு பிணத்துல. இன்னொண்ணு முன்னாடியே குறைஞ்சிருக்கலாம், இல்லே இவர் சொல்ற மாதிரி மண்ணுல இருக்கலாம். கிடைச்சா தற்காப்பு. கிடைக்கலேன்னா கொலை. நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும்."

"மணி என்ன சார்?"

"ரெண்டு."

"நான் தேடித் தர்றேன் சார்! இதுதான் என் தொழிலே!"

"நீங்க அவர் பொண்டாட்டி. நீங்க எடுத்தா, நீங்களே கொண்டாந்து போட்டீங்கன்னு கோர்ட்ல சொல்வாங்க. நாங்க கட்டியிருக்கற இந்த மஞ்சள் நாடாவைத் தாண்டி ஒரு அடி வைக்கக்கூடாது. எங்க ஏட்டு தேடுவார்."

ஏட்டு வந்தார். பருத்த உடம்பு. இடுப்பு பெல்ட்டில் கைவிலங்கு, அதை ஒட்டியே உறையில் பாயிண்டர். உறையில் இருந்தபடியே ஸ்விட்சைப் போட்டு, பிறகு உருவினார்.

அவள் கையை நீட்டிக் கத்தினாள்.

"ஏட்டய்யா! அங்க வச்சு ஸ்விட்ச் போடாதீங்க!"

"எனக்குத் தெரியும்மா. ட்ரெயினிங் போயிருக்கேன்."

"எத்தனை நாள்?"

"அரை நாள். டீ நேரம் உட்பட!"

"சார், சொல்றதைக் கேளுங்க சார்..."

"அம்மா! அவரை வேலை செய்ய விடுங்க. இல்லேன்னா வெளியில நிறுத்திடுவேன்."

மஞ்சள் நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏட்டு தூணைச் சுற்றி வந்தார். குத்தினார். நகர்ந்தார். குத்தினார். கருவி வாயே திறக்கவில்லை.

இரண்டரை... மூன்று... மூன்றேகால்!

கை இருந்தும் இல்லாதவளாய் நின்றாள். கண்ணெதிரே புருஷன் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான், அவளால் ஒரு சாண் நகர முடியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் இல்லை சார்," என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் திரும்பினார்.

"சார்! உங்க கால்ல விழறேன்! ஒரே ஒரு சோதனை. உங்க பையில இருக்கற காசை மண்ணுல ஒரு விரல் ஆழத்துக்கு அமுக்குங்க. அவர் வச்சுப் பார்க்கட்டும்!"

போனால் போகிறது என்று அமுக்கினார். ஏட்டு கருவியை வைத்தார்.

சத்தமே இல்லை!

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. "என்னய்யா இது?"

"ஸ்விட்ச் போடற நொடியில பக்கத்துல எவ்வளவு உலோகம் இருக்கோ, அதை அது 'ஒண்ணுமில்லை'ன்னு எடுத்துக்கும் சார். கைவிலங்கு பக்கத்துல போட்டாரு. அவ்வளவு பெரிய இரும்பே ஒண்ணுமில்லேன்னா, சின்னக் குண்டு எம்மாத்திரம்? அணைச்சிட்டு, விலங்கைக் கழட்டி தூர வைக்கச் சொல்லுங்க. கருவியை ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிச்சு, அப்புறம் போடச் சொல்லுங்க."

ஏட்டு செய்தார். காசின் மேல் வைத்தார்.

'பீப்! பீப்! பீப்!'

"அடேங்கப்பா!" என்றார் ஏட்டு, குழந்தை மாதிரி.

"இன்னும் ஒண்ணு. குண்டு அளவுக்கு மூணு விரல் ஆழம்தான் அதுக்குக் கேக்கும். அதுக்குக் கீழே செவிடு. ஓடு செய்யறவங்க மண் அறுக்கற கம்பி அதோ இருக்கு. மூணு விரல் கனத்துக்கு அறுத்து, அப்படியே வரிசையா எடுத்து வைங்க. கம்பியைத் தூரப் போட்டுட்டு மறுபடி கருவியை வைங்க."

ஜீப்பிலிருந்து கணவன் கத்தினான். "கம்பி வேண்டாம்மா! மண்வெட்டியால தோண்டச் சொல்லு, நேரம் ஆகுது!"

"நீங்க சும்மா இருங்க! முறையா எடுத்தாத்தான் கோர்ட்ல நிக்கும்!"

தூணுக்குப் பக்கத்தில் முதல் அடுக்கை அறுத்தார்கள். பூட்ஸ் மிதித்து மூடியிருந்த மண் போனதும், பென்சில் கனத்தில் ஒரு துளை பளிச்சென்று தெரிந்தது!

கருவி பேசவில்லை.

இரண்டாவது அடுக்கு. இப்போதும் மௌனம்.

மூன்றாவது அடுக்கை எடுத்துவிட்டு வைத்ததும்...

'பீப்! பீப்! பீப்!'

ஏட்டு விரலால் தோண்டினார். மண் பூசிய தோட்டா!

"சார்! பார்த்தீங்களா சார்! என் வீட்டுக்காரர் பொய் சொல்லலை சார்!" அவள் சிரித்தாள், அழுதாள், நாடாவை அறுத்துக்கொண்டு விழப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

எடுத்து வைத்த மூன்று மண் பாளங்களையும் பார்த்தார். மூன்றையும் பழையபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். மேல் பாளத்தில் பூட்ஸ் மூடியிருந்த வாயைக் கீறித் திறந்து, ஒரு நீள ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டார். தடையே இல்லாமல் அடிவரை இறங்கியது. குச்சி செங்குத்தாக நின்றது.

"மேடம், அந்த வாசல் இங்கேருந்து எத்தனை அடி இருக்கும்?"

"பதினஞ்சு இருக்கும் சார்."

"அங்கே நின்னு சுட்டா, குண்டு எப்படி வரும்?"

"சாய்ஞ்சு..." என்றாள். பாதியில் நின்றாள்.

"இது நேரா இறங்கியிருக்கு. இதே இடத்துல நின்னுக்கிட்டு, காலடியைப் பார்த்துச் சுட்டது. செத்தவன் சுடலைம்மா. அவன் செத்தப்புறம், கதைக்காக ஒருத்தர் சுட்டது."

அவள் நாடாவை விட்டாள். தடுமாறி ஜீப்பிடம் போனாள்.

"என்னங்க... இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்பறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அத்தனை வெறுப்பு!

"உன்னை யாருடி இங்க வரச் சொன்னது?"

ஜீப் கிளம்பியது. மண் பாளங்களை மூன்று போலீஸார் கண்ணாடிச் சாமான் போல் வேனில் ஏற்றினார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். தடுக்கவும் முடியவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை.

ஏட்டு பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம்... நீங்க எனக்குக் கொஞ்சம் மோசமா கத்துக் குடுத்திருக்கலாம்!"