விடைபெறும் சொல்லுக்கு விலக்கு

மெய்மணிக்குச் சாப்பாட்டு வேளையில்தான் வேலை அதிகம். விருந்தாளி ‘போதும்’ என்பார். சுவரிலுள்ள அந்தக் கருவி அவர் குரலின் நுண்ணதிர்வை அளந்து, சொல்லோடு மனம் ஒட்டவில்லையெனில் ஒலிக்கும். வீட்டுக்காரி செண்பகவல்லி உடனே இன்னொரு கரண்டி சோறு வைத்துவிடுவாள்.

ஒரு தொடரை மட்டும் அது கண்டுகொள்ளாது. ‘போகிறேன்’ என்று சொல்லக் கூசி, ‘போயிட்டு வாரேன்’ என்றே எல்லாரும் விடைபெறும் ஊரில் வாசல்தோறும் மணி அடித்துக்கொண்டிருந்ததால், தயாரித்தவர்கள் அதற்கு விலக்கு அளித்திருந்தார்கள்.

“அந்த விலக்கை எடுத்துட்டு அப்பா குரலைப் போடு” என்றாள் செண்பகவல்லி.

“கிளம்புற நேரத்துலயாம்மா?”

“நீ போனப்புறம் எனக்கு யாரு போட்டுக் காட்டுவா?”

மகள் ஆதிரையின் பெட்டி வாசலில் நின்றது. செவ்வாய்க் கோளின் குடியிருப்பில் இரண்டு ஆண்டுப் பணிதான் என்று கோயிலுக்குப் போகும் வழியில் சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை.

அப்பா கோமதிநாயகத்தை அறுவை அரங்குக்குள் கொண்டுபோன காலையில், சிறுமியாயிருந்த ஆதிரை கைப்பேசியில் பதிந்த குரல்கள் அவை. பிழைப்பது அரிது என்று மருத்துவர் செண்பகவல்லியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் அதைக் கணவரிடம் மறைத்தாள்; அவர் திரும்பவேயில்லை. அவள் சொன்னதை அவர் நம்பியிருந்தால், விடைபெறும் உரிமையையே அவரிடமிருந்து பறித்தவளாவாள். அந்தப் பொய் அன்றுமுதல் அவளோடு உண்டது, உறங்கியது.

“சின்ன ஆபரேஷன்தான். ஒண்ணும் ஆகாது” என்றது அவளுடைய இளமைக் குரல். மணி அடித்தது. செண்பகவல்லி தலைகுனிந்தாள்.

“சரி செம்பா, போயிட்டு வாரேன். காப்பி போட்டு வை.”

‘வாரேன்’ என்றதும் மணி அடித்தது.

 செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “தெரிஞ்சேதான் போயிருக்காரு. கள்ளன். காப்பி வேற கேட்டிருக்காரு பாரு.”

வாசலில் வண்டி வந்து நின்றது. விலக்கை மீண்டும் சேர்க்க இருவருக்கும் தோன்றவில்லை. ஆதிரை அம்மாவின் காலைத் தொட்டு நிமிர்ந்தாள்.

“போயிட்டு வாரேம்மா.”

மணி அடித்தது.

ஆதிரை அசையாமல் நின்றாள். செண்பகவல்லி அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“நல்லபடியா போயிட்டு வா தாயி.”

‘வா’ என்ற ஏவலில் மெய்யுமில்லை, பொய்யுமில்லை; மணி பேசாதிருந்தது.

“எம்மா, மணி...”

“என்ன மணி? எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

மணி மறுபடியும் அடித்தது.