சுவருக்கு அந்தப் பக்கம்

காலியாக வைத்த குப்பைத் தொட்டி கனத்தது.

வெர்லீன் அதை மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். அவளுடையதல்ல, பக்கத்து வீட்டுத் தொட்டி. ப்ரூயிட் குடும்பம் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போன பிறகு, குப்பை வண்டி வரும் நாளில் அந்த வெறுந்தொட்டியைத் தெருவோரம் வைத்து எடுப்பது அவள்தான். பால்டிமோரின் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆளில்லை என்று தெரிந்தால் போதும், செம்புக் குழாயைப் பிடுங்கி விற்கத் திருடர்கள் வருவார்கள், பின்னாலேயே வீடில்லாதவர்கள் குளிர்காய வருவார்கள், அப்புறம் தீ. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவே ஒரே சுவர். அது எரிந்தால் அவள் வீடும் எரியும். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அதனால்தான் அங்கே ஆளிருப்பது போலத் திரை மாட்டினாள். தன் சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து ஒரு விளக்கும் ரேடியோவும் வைத்தாள். ப்ரூயிட்காரர்கள் இருந்தவரை அவர்கள் போடும் கூச்சலைப் பொறுக்காமல் சுவரைத் தட்டியே அவள் கை வலித்தது. இப்போது தன் கரண்ட்டைச் செலவழித்துக் கூச்சல் வைக்க வேண்டியிருக்கிறது, தலையெழுத்து.

மூடியைத் திறந்தாள். உறிஞ்சிச் சப்பிய கோழி எலும்புகள். அவள் குடிக்கிற அதே இஞ்சித் தேநீர்ப் பைகள். மூக்குத் துடைத்து நான்காக மடித்த காகிதங்கள், அவள் மடிப்பது போலவே. மூடியைப் போட்டுவிட்டு எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

தெருவில் அவளைத் தவிர மிச்சமிருந்தது எதிர் வீட்டு டெவிட் ஒருவன்தான். இரும்புக் கம்பியோடு வந்தான்.

"எவனோ பூந்துட்டான், மிஸ் வெர்லீன். விளக்கப் போட்டு, பாட்டும் போட்டு, வா வான்னு கூப்பிட்டா வராம இருப்பானா?"

"வாயடிக்காம போய்ப் பாருடா."

போனவன் சிரித்துக்கொண்டே திரும்பினான். "ஒரு பயலும் இல்ல. தூசியில உங்க செருப்புத் தடம்தான் வீடு பூரா. ராத்திரியெல்லாம் அங்க டான்ஸ் ஆடுறீங்களா?"

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நான் உள்ள காலே வைக்கலடா."

"மறந்திருப்பீங்க. சாயங்காலம் வந்து இன்னொரு தடவ பாக்குறேன்."

குளிர்கால மாலை சீக்கிரமே இருட்டியது. வெர்லீன் அடுப்படியில் நின்று, ரேடியோவின் மெல்லிய முனகலுக்கு அடியில் வேறொன்று கேட்பதை, கேட்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஈரச் சுவரின் பூஞ்சை வாடையோடு இஞ்சி வாசமும் கலந்து வருவதை முகர்ந்துகொண்டிருந்தாள். அவள் இன்னும் தேநீர் போடவில்லை. அந்தப் பக்கம் யாரோ நடந்தார்கள். இடது காலை இழுத்து இழுத்து. அது அவள் நடை. பிறகு இருமல். இரண்டு முறை இருமி, "கர்த்தரே" என்று முடிகிற அவளுடைய இருமல்.

பக்கத்து வீட்டுக்குப் போகும் ஒயரின் பிளக்கைப் பிடுங்கினாள். ரேடியோ நின்றது.

நடை நிற்கவில்லை.

முன் ஜன்னலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் வெளிச்சம் வெளியே பனியின் மேல் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. பிடுங்கிய பிளக் அவள் கையிலேயே இருந்தது.

தெருவைக் கடந்து டெவிட் வந்தான். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தான்.

"மிஸ் வெர்லீன்! இந்நேரத்துல அங்க என்ன பண்றீங்க?"

கண்ணாடியை ஓங்கி அறைந்தாள். அவன் திரும்பவில்லை. போகாதே. டெவிட், போகாதே. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவளுடைய குரல்.

"வாடா டெவிட், குளிருது. காலத் தொடச்சிட்டு உள்ள வா."

அவன் சிரித்தான். படியேறினான். கதவு திறந்தது. மூடியது.

பனியின் மேல் இரண்டு நிழல்கள். பருத்தது டெவிட்டுடையது. மற்றது குனிந்து, அவன் தோளில் முகம் வைத்தது. வெகு நேரம் வைத்திருந்தது. பெரிய நிழல் மெல்ல மெல்லச் சுருங்கி இல்லாமல் போனது.

அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் டெவிட்டின் குரல் கேட்டது, சிரித்துக்கொண்டே.

"மிஸ் வெர்லீன், பக்கத்து வீட்டுல யாரும் இல்லன்னுதானே சொன்னீங்க?"

"இல்லடா," என்றது அவள் குரல். "போய்ப் பாரு."

அவள் வீட்டு வாசற்கதவின் பிடி திரும்பியது.