கடைசியில் நடந்தவள்

காட்டு விடுதிக்குத் தனியாகத்தான் போனேன். குழுவில் மற்றவர்கள் ஐந்து பேர். இரண்டு ஜோடிகள், அப்புறம் ஒரு கேமராக்காரர். அவருக்கு அவர் கேமராவே ஜோடி. முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்து வாய் ஓயாமல் பேசியவளுக்கு, ஓய்வு பெற்றதும் பேச ஓர் ஆள் இல்லை.

தப்பு என்னுடையதுதான். அம்மா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை என்று தம்பியை நாலு பேர் முன்னால் கண்டபடி திட்டிவிட்டேன். அதோடு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. விடுதியிலிருந்து அவன் வீடு மூன்று மணி நேர ஓட்டம். இந்தப் பயணம் முடிந்ததும் நேரே அங்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்பியிருந்தேன்.

காலையில் வழிகாட்டி எல்லோருக்கும் ஒரே மாதிரி பச்சை மழைக்கோட்டு கொடுத்து வரிசையாக நிறுத்தினார்.

"உள்ள போனா யாரும் பேசக் கூடாது. பேசினா ஒரு பறவை நிக்காது. நான் நின்னதும் கடைசி ஆள் முன்னாடி இருக்கறவங்க தோளைத் தட்டணும். அவங்க அவங்களுக்கு முன்னாடி இருக்கறவங்களை. தட்டு எங்கிட்ட வந்து சேர்ந்தா யாரும் தொலையலன்னு அர்த்தம்."

கடைசி ஆள் நான். வேறு யார்?

பத்து மணிக்கே மரங்களுக்கடியில் விளக்கு வைக்கும் நேரம் போல மங்கலாக இருந்தது. அழுகின இலையின் வாசனை. எங்கோ உயரத்தில் இருவாச்சிகள் சிறகடித்துப் போகும் சத்தம். இரண்டு முறை நின்றோம், இரண்டு முறையும் கேமராக்காரரின் தோளைத் தட்டினேன். நடக்கும்போது, பின்னால்தான் யாருமில்லையே என்று, தம்பியிடம் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"கோபத்துல பேசிட்டேன்டா. அவ உனக்கும் அம்மாதானே. அக்காவை மன்னிச்சிடு."

மூன்றாம் முறை நின்றபோது கையைத் தூக்கினேன்.

அதற்குள் என் தோளில் ஒரு தட்டு விழுந்தது.

விடுதி ஆள் யாரோ பின்னால் வந்து சேர்ந்திருக்கிறார் என்று நினைத்து, கேமராக்காரரைத் தட்டினேன். கோட்டையும் தாண்டிக் குளிர்ந்தது அந்தக் கை. எத்தனையோ பேர் கையைப் பிடித்து நாடி பார்த்தவள் நான். அப்போதே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பிடித்திருந்தது. என்னை ஒருவர் தொட்டு எத்தனை நாளாயிற்று. அடுத்த முறை நின்றபோது அந்தத் தட்டுக்காகக் காத்துக்கூட இருந்தேன்.

பிறகு காலில் அட்டை ஏறியது. ஓரமாக ஒதுங்கிக் குனிந்து பிய்த்துப் போட்டேன். ஈரமான காலடிகள் என்னைக் கடந்து போயின.

நிமிர்ந்தேன். கேமராக்காரருக்குப் பின்னால் ஒரு பச்சைக் கோட்டு, தலையை மூடிக்கொண்டு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

என்னைப் போலவே இடது முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வளைவுக்கு ஓடினேன், யாருமில்லை. எது பாதை, எது ஓடை என்றே தெரியவில்லை. தட்டு இந்நேரம் வழிகாட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். என்னை யாரும் தேடப் போவதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருட்டுகிற நேரத்துக்கு எப்படியோ விடுதிக்கு வந்து சேர்ந்தேன். வழிகாட்டி என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மேடம்... நீங்க மதியமே கிளம்பிட்டீங்களே."

"யாரு கிளம்பினது?"

"நீங்கதான். தம்பியைப் பாக்கணும்னு அழுதீங்க. நான்தான் கையைப் பிடிச்சு வண்டியில ஏத்தி விட்டேன்." அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "கை ஜில்லுன்னு இருந்துச்சு."

விடுதி ஃபோனில் தம்பி எண்ணைச் சுழற்றினேன். சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"தம்பி, அக்கா பேசறேன்டா."

"எந்த அக்கா?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கோபத்தில் பேசியது, அம்மா, மன்னிப்பு.

"யாருங்க நீங்க?" அவன் குரல் மாறிவிட்டது. "எங்கக்கா சாயந்திரமே வந்துட்டா. இதையேதான் சொல்லி அழுதா. இப்ப எம் பொண்ணுக்குத் தலை பின்னிக்கிட்டிருக்கா."

ஆறு வருடமாக என் குரலைக் கேட்காதவன். எது என் குரலென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"குழந்தையை அவகிட்டருந்து தூக்குடா. ஃபோனை அவகிட்ட குடு."

ஃபோன் கை மாறியது. முதலில் மழைச் சத்தம் கேட்டது. அப்புறம், நான் ஒருநாளும் பேசியறியாத அளவு கனிவாக, என் குரல்.

"இத்தனை வருஷம் வராதவ, இனிமே எதுக்கு வர்ற?"