காய்ச்சல் அடங்கிய மதியம்

டயாலிசிஸ் மெஷின் திடீரென்று அலறியது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டெக்னீஷியன் செலஸ்டின் ஓடி வந்து பொத்தானை அமுக்கி அதை அடக்கினான். கட்டிலில் சுகுணாவின் பற்கள் தந்தியடித்தன.

"மறுபடியும் நடுக்கமா சேச்சி? ஊட்டியில டூரிஸ்ட்காரன் காசு குடுத்து நடுங்குறான். உங்களுக்கு இங்க ஃப்ரீ."

அவள் சிரிக்கவில்லை. பந்தலூர் மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் வழிந்து இறங்க, மருந்து நெடி தொண்டையில் ஒட்ட, தன் ரத்தத்தை வெளியே இழுத்து, வடிகட்டி, திரும்ப உள்ளே தள்ளும் பம்ப்பின் கரகரப்பைக் கேட்டபடி, பக்கத்துக் காலிக் கட்டிலைப் பார்க்காமல் கிடந்தாள்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரிகள் மூடியதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நன்கொடை வருவதில்லை. ரத்தம் வடிகட்டும் ஃபில்டரை ஆளுக்கொன்றாக வைத்து, கழுவிக் கழுவி மாட்டினார்கள். போன மாதம் கரண்ட் போன நேரத்தில் செலஸ்டின் ஒன்றை மாற்றி எடுத்துச் சுகுணாவுக்கு மாட்டிவிட்டான். பாதியில் கவனித்துக் கழற்றினான். அது சுடலையின் ஃபில்டர். சுடலை அதற்கு முந்தின நாள்தான் பக்கத்துக் கட்டிலில் செத்திருந்தான். கிட்னி கொடுக்க ஒரு நாதியில்லையே என்று கடைசிவரை முனகியவன்.

அன்று தொடங்கியது காய்ச்சல்.

"ரத்தத்துல வெள்ளை அணுங்க காவல்காரங்க மாதிரிங்க," என்றார் கோயமுத்தூரிலிருந்து வரும் டாக்டரம்மா. "டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு அதுக ஓயாம எதையாவது அடிச்சுட்டே இருக்கும். உங்களுக்கு ரொம்ப அதிகமுங்க. அது அடங்குனாத்தான் ஆபரேஷன்."

கிட்னி கொடுக்கக் கணவன் ரவிக்குமார் தயாராக நின்றான். அடங்கிவிடு, அடங்கிவிடு என்று சுகுணா தன் ரத்தத்தையே கெஞ்சினாள்.

அடுத்த வாரம், அதே கட்டிலில், அடங்கியது.

நடுக்கம் நின்றது. உடம்பு குளிர்ந்தது. உள்ளே காவல் நின்றவர்கள் தடியைக் கீழே போட்டுவிட்டு வழிவிட்டது போல ஓர் அமைதி.

அவளுடைய வலது கை எழுந்தது.

அவள் எழுப்பவில்லை.

முகவாயைத் தடவியது. இல்லாத தாடியை. மெதுவாக. பக்கத்துக் கட்டிலில் சுடலை தடவுவானே, அப்படியே.

கத்தப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை. கால் விரல்கள் அவள் வசத்தில் இல்லை. பிறகு முழங்கால்கள். பிறகு இடுப்பு.

கதவு திறந்தது. டாக்டரம்மா. பின்னால் ரவிக்குமார்.

"ரிசல்ட் வந்துருச்சுங்க. சுத்தமா அடங்கிருச்சு."

ரவிக்குமார் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டான். கண் கலங்கியிருந்தது. "கேட்டியா புள்ள? பொழச்சுக்கிட்ட. சுகுணா... சுகுணா?"

இங்கே இருக்கேன். இங்கே. உள்ளே.

அவளுடைய உதடுகள் பிரிந்தன. தொண்டைக்குள் யாரோ செருமினார்கள்.

"சுகுணாவ எழுப்ப வேணாம் தம்பி. உங்க கிட்னிய எனக்கே குடுத்துருங்க."