காகிதத்தில் ஒரு கட்டைவிரல்

1964, சித்திரை மாதம். புதுக்கோட்டையில் ஆய்வுக்கூடம் நடந்த அந்தப் பழைய பங்களாவுக்குள் பகலிலும் இருட்டு. ஈரச் சுவர் வாடையோடு ஈதர் நெடி.

கறம்பக்குடிப் பக்கமிருந்து செவந்தி வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கிணற்றுத் தண்ணீர் சீசாவையும், தண்ணீர் நிறைந்த மூடி போட்ட டின்னையும் மேஜையில் வைத்தாள்.

"மூத்த புள்ள ராக்காயி நுரை தள்ளிச் செத்துப்போச்சுங்க. கெணத்துல வெசமான்னு பாத்துச் சொல்லுங்க. சின்னவன் இப்பத்தான் தண்ணி குடிக்கப் பழகுறான்."

"இந்த டின் ஏதும்மா?" என்றார் கெமிஸ்ட் பங்கிராஸ்.

"வயக்காட்டுல கெடந்த பூச்சிமருந்து டின்னுங்க. சாம்பல் போட்டு நல்லாத் தேச்சுட்டேன். மூடி இருக்கு, தூசி விழாது. புள்ளைகளுக்குன்னு குடிதண்ணி இதுலதான் வைப்பேன்."

பங்கிராஸ் டின்னின் மூடியைத் திறந்தார். இரண்டு தண்ணீரையும் தனித்தனியே ஈதரில் குலுக்கி, பிரிந்து வந்ததை இரண்டு காகிதப் பட்டைகளின் அடியில் பொட்டாக வைத்தார். இடுக்கியால் தூக்கி, கண்ணாடி ஜாடிகளில் தொங்கவிட்டு மூடினார்.

ஜாடியின் திரவம் காகிதத்தில் ஏறும். கலந்து கிடப்பதைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உயரத்தில் விட்டுப்போகும். பிறகு வெள்ளி உப்புக் கரைசல் தெளித்து வெயிலில் காட்டினால், பூச்சிமருந்து நின்ற இடம் கறுக்கும்.

விரல் மட்டும் படக்கூடாது. வியர்வையும் கறுக்கும்.

கிணற்றுப் பட்டை வெள்ளையாகவே இருந்தது.

டின் பட்டையில் கறுத்தது பொட்டு அல்ல.

மருந்து நிற்கவேண்டிய உயரத்தில், சின்னஞ்சிறு கட்டைவிரல் ரேகை.

மறுபடி செய்தார். ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதே இடம். அதே விரல். குறுக்கே ஒரு தழும்பு.

செவந்தி எட்டிப் பார்த்தாள்.

"அருவா பட்ட தழும்பு... எம் புள்ள வெரலுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"எங் கைதவறிச் சட்டியில கீறல் விழுந்துட்டா, அவங்கப்பன் கண்ணுல படாம இப்படித்தான் வெரலை வச்சு மறைச்சுக்கிட்டு நிப்பா." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இப்ப எதைங்க மறைக்கிறா?"

டின்னில் ஒன்றுமில்லை என்று ஒரு பொய் பங்கிராஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

குழந்தை தாகத்தில் சிணுங்கியது. செவந்தியின் கை பழக்கத்தில் டின் பக்கம் நீண்டது.

"வேணாம்மா!"

நீண்ட கை அப்படியே நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

காகிதத்தின் மேல் குனிந்தாள்.

"வெரலை எடு ஆத்தா. தம்பி குடிச்சிருவான்."

ரேகை மெல்ல வெளுத்தது.

அது மறைத்திருந்த இடத்தில், கறுப்பாக ஒரு பொட்டு.

டின்னை அங்கேயே விட்டுவிட்டு வாசலில் இறங்கினாள். அப்போதுதான் அழுகை வந்தது. சாயங்கால வெயில் முகத்தில் அடித்தது.

பங்கிராஸ் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் கன்னத்தில், கண்ணீரைத் துடைத்துவிட்ட மாதிரி, ஏதோ மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.

சின்னக் கட்டைவிரல். குறுக்கே தழும்பு.